நெற்பவளம்: மாலையிலும் கஞ்சியிலும் ஒரே புல்

மதுராவுக்கோ பிருந்தாவனத்துக்கோ போய்வந்தவர்கள் வீட்டில் அநேகமாக ஒரு மாலை இருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை மணிகள், எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு, துளசி மணியைவிடக் கொஞ்சம் பருமன். வைஜயந்தி மாலை என்று சொல்லி அங்கே விற்கிறார்கள். முதல்முறை கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் கல்லா, பீங்கானா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. கடைந்து மெருகேற்றிய மரமும் இல்லை. ஓடைக்கரையிலும் ஈரமான வரப்போரத்திலும் ஆள் உயரத்துக்கு வளரும் ஒரு புல்லில் அந்த மணி அப்படியே விளைகிறது. நிறமும் மெருகும் மட்டுமல்ல, நூல் கோக்கும் துளைகூடச் செடியே போட்டுத் தருவதுதான்.

இதே புல்லின் மணியைச் சீனாவில் கஞ்சியில் போடுகிறார்கள். கொரியாவில் மாவாக அரைத்துச் சுடுநீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மலைகளில் சோறாகப் பொங்குகிறார்கள். ஜப்பானில் மருந்துக்கடையில் மாத்திரையாகவே கிடைக்கிறது. ஒரு செடியின் மணி எப்படிக் கழுத்திலும் கிடக்கும், வயிற்றுக்கும் போகும்? இதற்கான பதில் அந்த மணியின் ஓட்டில் இருக்கிறது. ஓட்டைப் புரிந்துகொண்டால் இந்தச் செடியில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

தமிழில் இதற்கு நெற்பவளம் என்று பெயர். நெல்லும் பவளமும் ஒரே சொல்லில். உணவு பாதி, அணி பாதி என்று இந்தச் செடியின் இரண்டு வேலையையும் இந்தப் பெயர் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. காட்டுக் குந்துமணி என்று இன்னொரு பெயரும் உண்டு. இந்த இரண்டாவது பெயரில் ஓர் ஆபத்து இருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குந்துமணி அல்லது குன்றிமணி என்று நாம் பொதுவாகச் சொல்வது வேலியில் படரும் ஒரு கொடியின் விதை. சிவப்பு உடல், ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க வைத்திருந்தது அதைத்தான். அதனுள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதை மென்று விழுங்கினால் உயிரே போகலாம். நெற்பவளத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது அவரைக் குடும்பம், இது புல் குடும்பம். பெயரில் குந்துமணி ஒட்டியிருக்கிறதே என்று யாரும் தவறான மணியை வாயில் போட்டுவிடக் கூடாது.

ஐரோப்பிய மொழிகளில் இதற்குப் பரவலான பெயர் 'யோபுவின் கண்ணீர்'. பைபிளில் வரும் யோபு, செல்வமும் பிள்ளைகளும் உடல்நலமும் ஒவ்வொன்றாகப் பறிபோய்ச் சாம்பலில் உட்கார்ந்து அழுத மனிதர். மணியின் வடிவம் கன்னத்தில் வழியும் கண்ணீர்த்துளி போல இருப்பதால் அந்தப் பெயர். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது அந்தக் கண்ணீரை அப்படியே லத்தீனில் எடுத்துக்கொண்டார்: கோயிக்ஸ் லாக்ரிமா-ஜோபி.

அது விதை இல்லை

மாலையில் நாம் பார்க்கும் அந்த மணியை எல்லோரும் விதை என்கிறோம். உண்மையில் அது விதை இல்லை, பழத்தோலும் இல்லை. அது ஓர் இலை.

நம்பக் கடினம்தான். கரும்பை நினைத்துப் பாருங்கள். தோகையின் அடிப்பகுதி கரும்பின் கணுவைச் சுற்றி ஒரு சட்டைபோல அணைத்துக்கொண்டிருக்கும். உரித்தால்தான் கழன்று வரும். எல்லாப் புல்லிலும் இலைக்கு இப்படி ஒரு அடிப்பகுதி உண்டு. அதை இலையுறை என்பார்கள். நெற்பவளத்தில் பூ வரும் இடத்தில் இருக்கும் இலையுறை, பச்சைத் தோகையாக விரியாமல், சுருண்டு மூடி ஒரு குட்டிக் குடம் ஆகிவிடுகிறது. நாளாக ஆகக் கெட்டிப்படுகிறது. மணலில் இருக்கும் சிலிக்காவைப் புற்கள் மண்ணிலிருந்து உறிஞ்சித் தங்கள் உடலில் சேர்த்துக்கொள்ளும். நெல் உமியின் சொரசொரப்புக்கும் கரும்புத் தோகை கையைக் கிழிப்பதற்கும் அதுதான் காரணம். இந்தக் குடத்தின் சுவரிலும் அது சேர்கிறது. அதனால்தான் கண்ணாடி போன்ற அந்த மினுமினுப்பு.

குடத்துக்குள் இருப்பது பெண் பூ. மூடிய குடத்துக்குள் இருக்கும் பூவுக்கு மகரந்தம் எப்படி வந்து சேரும்? குடத்தின் மேல் முனையில் ஒரு சின்ன வாய் இருக்கிறது. அந்த வாய் வழியாகப் பெண் பூ தன் சூல்முடி இரண்டையும் மெல்லிய நூல்போல வெளியே நீட்டுகிறது. காற்றில் வரும் மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதே வாய் வழியாக இன்னொன்றும் வெளியே வருகிறது. அது ஆண் பூக்கதிரின் காம்பு. குடத்தின் அடியில் தொடங்கி, பெண் பூவின் பக்கமாகவே ஏறி, வாயைத் தாண்டி வெளியே வந்து, சின்னக் கதிராகத் தொங்கும். மகரந்தம் உதிர்ந்ததும் ஆண் கதிருக்கு வேலை முடிந்தது, காய்ந்து விழுந்துவிடும். வாய் திறந்தபடியே நிற்கும். மணி பழுத்துக் கீழே விழும்போது அடிக்காம்பு ஒடிகிறது. அங்கே இன்னொரு ஓட்டை.

அதாவது மாலை கோக்கிறவர் நூலைச் செலுத்தும் பாதை, ஒரு காலத்தில் ஆண் பூக்கதிரின் காம்பு நின்றிருந்த பாதை. உள்ளே கொஞ்சம் காய்ந்த நார் அடைத்துக்கொண்டிருக்கும். ஊசியால் ஒரு குத்து, வழி திறந்துவிடும். துளையிடும் கருவி ஏதும் இல்லாத காலத்திலேயே மனிதர்கள் இதைக் கோத்து அணிந்திருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமே இல்லை. இவ்வளவு வேலையைச் செடி நமக்காகச் செய்யவில்லை, தன் தானியத்தைப் பூச்சியிடமிருந்தும் பறவையிடமிருந்தும் காப்பாற்றச் செய்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இதை யாருக்காவது விளக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்தச் செடிக்கு நெருங்கிய உறவு மக்காச்சோளம். நாம் உண்ணும் வெள்ளைச் சோளமும் கரும்பும் அதே கூட்டம்தான். மக்காச்சோளத்தில் ஆண் பூக்கள் உச்சிக் கொண்டையிலும், பெண் பூக்கள் தண்டின் இடுப்பில் கதிராகவும் தனித்தனியே இருக்கும். நெற்பவளத்தில் இரண்டும் ஒரே காம்பில், பெண் கீழே குடத்துக்குள், ஆண் மேலே வெளியில். இளஞ்செடியாக இருக்கும்போது மக்காச்சோளம் என்றே நினைத்துவிடும் அளவுக்கு இலையும் தண்டும் ஒத்திருக்கும். மணி தொங்க ஆரம்பித்த பிறகுதான் வேறு ஆள் என்று தெரியும்.

கெட்டி ஓடு, மெல்லிய ஓடு

சரி, இவ்வளவு கெட்டியான ஓட்டை உடைத்து யார் சாப்பிடுவார்கள்? மாலைக்குப் போகும் காட்டு வகையை யாரும் சோற்றுக்காக வளர்ப்பதில்லை. பல்லால் கடித்தால் பல்தான் போகும். சுத்தியலால் தட்டினால் ஓட்டோடு உள்ளே இருக்கும் பருப்பும் நொறுங்கிவிடும். அந்தப் பருப்பில் நஞ்சு ஒன்றும் இல்லை, எடுக்கும் பாடுதான் பெரிது.

உணவுக்கு வளர்ப்பது இதே இனத்தின் இன்னொரு வகையை. அதன் ஓடு மெல்லியது. மேலே நீளவாக்கில் வரிவரியாகக் கோடுகள் ஓடும், பளபளப்பு குறைவு. விரலால் அழுத்தினாலே விரிசல் விடும். உரலில் குத்தியோ மில்லில் கொடுத்தோ உமி நீக்கிவிடலாம். இது தவிர, சின்ன உருண்டை மணி தரும் வகையும், குழல்போல நீண்ட மணி தரும் வகையும் உண்டு. அவையும் கோப்பதற்குத்தான்.

காட்டில் ஓடு கெட்டியாக இருந்தால்தான் செடிக்குப் பிழைப்பு. மெல்லிய ஓடு வந்த செடியைப் பறவையும் எலியும் தின்று தீர்த்துவிடும். ஆனால் மனிதர் கைக்கு வந்த பிறகு கணக்கு மாறிவிடுகிறது. எங்கோ ஒரு செடியில் ஓடு கொஞ்சம் மெலிதாக இருந்திருக்கும். அதைக் குத்தியவர் இது சுலபமாக உடைகிறதே என்று அந்த மணியை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்திருப்பார். இப்படித் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்ததில் ஒரு தானியம் பிறந்திருக்கிறது. மாலை கோத்தவர்கள் எதிர்த்திசையில் போய், நல்ல மெருகும் உருண்டையும் உள்ளதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்கள். கடலுக்கு அப்பால் மெக்சிகோவில் மக்காச்சோளத்தின் காட்டு முன்னோரான தியோசின்டேயிலும் ஏறக்குறைய இதே கதைதான். அதன் மணியையும் ஒரு கல்போன்ற உறை மூடியிருந்தது, அங்கிருந்த உழவர்கள் அதைத் தளர்த்தித் தளர்த்தி இன்றைய மக்காச்சோளம் ஆக்கினார்கள். அங்கே உறை கதிரின் பாகங்களிலிருந்து வந்தது, இங்கே இலையிலிருந்து வந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

உண்ணும் வகையில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அதில் வேகவைத்தால் ஒட்டும் மாவுச்சத்து உள்ள ரகங்கள் உண்டு, கவுனி அரிசிபோல. ஒட்டும் சோற்றை விரும்பும் மலைவாசிகளும் கிழக்காசிய மக்களும் தங்கள் நாவுக்கு ஏற்றதைத் தேர்ந்து வளர்த்ததன் அடையாளம் அது.

மலைகளின் பழைய தானியம்

வடகிழக்கு இந்தியா, மியான்மர், அதை ஒட்டிய தென்கிழக்கு ஆசிய மலைகள் இதன் தாய்வீட்டுப் பகுதி. நாகாலாந்திலும் மேகாலயாவிலும் மிசோரமிலும் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் மலைச்சரிவுகளில் நெல்லோடும் மற்றத் தானியங்களோடும் கலந்து இதை விதைத்திருக்கிறார்கள். சோறு, கூழ், கள் போன்ற பானம், கோழிக்கும் பன்றிக்கும் தீனி என்று எல்லாவற்றுக்கும் பயன்பட்டது.

மிசோ மொழியில் ஒரு சொல் இந்த வரலாற்றை அழகாகப் பிடித்து வைத்திருக்கிறது. அவர்கள் நெற்பவளத்தை 'மிம்' என்கிறார்கள். மக்காச்சோளத்துக்குப் பெயர் 'வைமிம்'. வை என்றால் வெளியார், மலைக்கு அப்பாலிருந்து வந்தவர். அதாவது மக்காச்சோளம் அவர்களுக்கு அயலாரின் மிம். அமெரிக்காவிலிருந்து கடல்கடந்து மக்காச்சோளம் ஆசியாவுக்கு வந்தது கொலம்பஸ் காலத்துக்குப் பிறகுதான். அது மலையேறி வந்து சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே வயலில் நின்ற ஒரு தானியத்தின் பெயரைத்தான் இரவல் வாங்க வேண்டியிருந்தது. பின்னாளில் கதிர் பெரிதாகவும் உரிக்கச் சுலபமாகவும் இருந்த அந்தப் புது வரவே பல இடங்களில் மிம்மின் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் யார் முதலில் வந்தவர் என்று இன்னும் சொல்கிறது.

மியான்மர், தாய்லாந்து எல்லையில் வாழும் கரேன் மக்களிடம் திருமணமான பெண்கள் அணியும் கறுப்பு மேல்சட்டையில் இந்த வெள்ளை மணிகளை நூலோடு சேர்த்துத் தைத்துப் பூவேலை செய்வார்கள். ஆக்கா என்ற மலை இனத்துப் பெண்களின் தலையணியிலும் இது உண்டு. ஜப்பானில் காட்டு வகைக்குப் பெயரே ஜெபமாலை மணி என்ற பொருளில்தான். கத்தோலிக்க நாடுகள் பலவற்றிலும் ஜெபமாலைக்கு இது போயிருக்கிறது. யோபுவின் கண்ணீர் அங்கெல்லாம் மரியாளின் கண்ணீராகவும் பேதுருவின் கண்ணீராகவும் பெயர் மாறியது. இந்துவும் பௌத்தரும் கிறிஸ்தவரும் ஒரே புல்லின் மணியை உருட்டி இறைவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

நம் நாட்டுச் சமஸ்கிருத நூல்களில் கவேதுகம் என்று ஒரு தானியம் வருகிறது. வேள்வியில் ருத்திரனுக்குப் படைக்கும் தானியமாகவும், ஆயுர்வேதத்தில் உடல் பருமனைக் குறைக்கும் உணவாகவும் அதைச் சொல்வார்கள். அது இந்தப் புல்தான் என்று பலரும் அடையாளம் காண்கிறார்கள்.

சீனாவில் இதன் தடயம் இன்னும் ஆழம். ஷான்ஷி மாகாணத்தின் மிஜியாயா என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த, சுமார் 5,000 ஆண்டு பழைய மண்பாண்டங்களின் உட்புறத்தில் ஒட்டியிருந்த படிவை ஆய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பனிவரகும் வாற்கோதுமையும் நெற்பவளமும் கிழங்குகளும் சேர்த்து ஊறவைத்துப் புளிக்கவிட்ட பானம், அதாவது பீர், அதில் இருந்தது தெரியவந்தது.

தளபதியும் ஒரு வண்டி மணியும்

உண்ணும் வகைக்குத் தாவரவியலாளர்கள் கொடுத்த பெயர் 'மா-யுவென்'. அது ஒரு மனிதரின் பெயர். அவர் கதை இந்தச் செடியோடு பின்னிக் கிடப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மா யுவான் சீனாவின் ஹான் பேரரசில் புகழ்பெற்ற தளபதி. கி.பி. 40இல் இன்றைய வடக்கு வியட்நாமில் ட்ருங் சகோதரிகள் சீன ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தார்கள். வியட்நாமியர் இன்றும் தெய்வமாக வணங்கும் வீராங்கனைகள் அவர்கள். அந்த எழுச்சியை அடக்கப் பேரரசர் குவாங்வு அனுப்பியது மா யுவானை. வடக்கிலிருந்து வந்த படைக்கு வாளைவிட அங்கே பெரிய எதிரி அந்த ஈரமும் வெக்கையும் காய்ச்சலும்தான். அந்தக் காலச் சீனர்கள் அதைச் சதுப்பு நிலத்து நச்சுக்காற்று என்று நினைத்தார்கள். அதைத் தாங்க, அங்கே விளையும் நெற்பவள மணியை மா யுவான் தினமும் உண்டுவந்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்று அவருக்கு அதில் நம்பிக்கை. தெற்கத்தி மணி, தன் ஊரில் கிடைப்பதைவிடப் பெரிதாக இருப்பதையும் கவனித்தார். விதைக்கு ஆகும் என்று, படை ஊர் திரும்பும்போது ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஊரில் அதைப் பார்த்தவர்கள் தெற்கிலிருந்து ஏதோ அரிய பொருள் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவர் உயிரோடு இருந்தவரை, பேரரசரின் அன்பு அவர்மேல் இருந்ததால், யாரும் வாய் திறக்கவில்லை. கி.பி. 49இல் இன்னொரு போர்க்களத்தில் நோயுற்று அவர் இறந்ததும் பகைவர்கள் கிளம்பினார்கள். அன்று வண்டியில் வந்தது தானியம் இல்லை, முத்தும் காண்டாமிருகக் கொம்பும் என்று பேரரசருக்கு எழுதினார்கள். பேரரசர் கொதித்துப்போனார். குடும்பத்தார் பயந்து, அவர் உடலைப் பரம்பரை இடுகாட்டுக்குக் கொண்டுபோகவே துணியவில்லை. மனைவியும் பிள்ளைகளும் அண்ணன் மகனும் தங்களைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு அரண்மனை வாசலில் போய் நின்றார்கள். என்ன குற்றச்சாட்டு என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. ஆறு முறை மனு எழுதிய பிறகுதான் முறையாக அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

பின்னை ஹான் வரலாற்று நூலில் பதிவான செய்தி இது. செய்யாத குற்றத்துக்கு ஒருவர்மேல் பழி போடுவதைச் சீன மொழியில் இன்றும் 'நெற்பவளமும் முத்தும்' என்ற தொடரால் குறிப்பிடுகிறார்கள். தமிழில் பவளம், அங்கே முத்து.

கடையில் எதை வாங்குவது

இப்போது கையில் எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். ஓடு நீக்கிய பருப்பைப் பார்த்தால் பார்லியின் பெரிய அண்ணன் போல இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இதைச் 'சீன முத்து பார்லி' என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்கிறார்கள். ஜப்பானியரும் இதைப் புறா பார்லி என்ற பொருளில் 'ஹாதோமுகி' என்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. அங்கே நாம் வாங்கிக் குடிக்கும் பார்லித் தண்ணீருக்குச் சீனர்கள் சொல்லும் பெயரே, சீனாவில் நெற்பவளத்துக்கு உரிய பெயர். அதனால் அங்கே நெற்பவளம் வேண்டுமென்றால் 'சீன பார்லி' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த வித்தியாசம் வெறும் பெயர் விஷயம் இல்லை. பார்லி என்கிற வாற்கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. நெற்பவளம் மக்காச்சோளத்தின் உறவு என்பதால் இதில் கோதுமை வகைக் குளூட்டன் கிடையாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை உண்ணலாம், ஆனால் பெயரை நம்பிப் பார்லியை வாங்கிவிட்டால் அவதிதான். கண்ணால் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பார்லி சிறியது, இரு முனையும் ஒடுங்கியது, நடுவில் மெல்லிய கோடு. நெற்பவளப் பருப்பு அதைவிட நன்றாகப் பெரியது, உருண்டையானது, பால் வெள்ளை. ஒரு பக்கத்தில் அகலமாக, ஆழமாக ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தில் பழுப்புத் தவிடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சமைப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். இரவே ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் தண்ணீரை மாற்றி, குக்கரில் அரிசிக்கு வைப்பதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வைத்து ஐந்தாறு விசில் விடலாம். திறந்த பாத்திரத்தில் என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். எவ்வளவு வெந்தாலும் குழைந்து கூழாகாது. மெல்ல மெல்ல இழுவையாக, லேசான கொட்டை வாசத்தோடு இருக்கும். அந்த மெல்லும் சுகம்தான் இதன் தனித்தன்மை. முதல்முறை சமைப்பவர்கள் அரிசியில் நாலில் ஒரு பங்கு கலந்து பொங்கிப் பாருங்கள், அல்லது வெந்ததைத் தாளித்துத் தேங்காய்த்துருவல் போட்டுச் சுண்டல்போல எடுத்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பால், வெல்லம் சேர்த்துப் பாயசமும் நன்றாக வரும். சீன வீடுகளில் சிவப்புப் பயறோடு சேர்த்துக் கஞ்சி. தாய்லாந்தில் சோயாப் பாலில் மிதக்கவிட்டுத் தருவார்கள். ஜப்பானில் வறுத்துக் கொதிக்கவைத்த தேநீர். பிலிப்பைன்சில் 'அட்லாய்' என்ற பெயரில் அரசின் வேளாண் துறையே அரிசிக்கு மாற்றாக இதை ஊக்குவித்து வருகிறது.

சத்தைப் பொறுத்தவரை, வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவில் புரதம் என்றால் இதில் ஏறக்குறைய இரு மடங்கு. கொழுப்பும் அரிசியைவிட அதிகம். அதனால் அதிக நாள் வைத்தால் சிக்கு வாசம் வந்துவிடும். கொஞ்சமாக வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

மருந்தாக

சீன மருத்துவத்தின் மிகப் பழைய மூலிகை நூலான ஷென்னோங் நூலில், நெடுநாள் உட்கொள்ளத்தக்க மேல்தர மூலிகைகளின் வரிசையில் இது இடம்பெறுகிறது. உடம்பில் ஈரம் தங்கிவிட்டது என்பது அந்த மருத்துவத்தில் ஒரு முக்கியமான கருத்து. கால் வீக்கம், மூட்டில் பிடிப்பு, உடல் கனம், வயிற்றுப்போக்கு, சிறுநீர் சரியாகப் போகாமை எல்லாவற்றையும் அதன் அறிகுறிகளாகப் பார்ப்பார்கள். நெற்பவளம் அந்த ஈரத்தைச் சிறுநீர் வழியாக இறக்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் நாட்டு மருத்துவத்திலும் இதன் மணியைச் சிறுநீர் பெருக்கியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஜப்பானில் இதற்கு வேறொரு வேலை. ஓடு நீக்கிய பருப்பின் சாற்றை 'யோகுயினின்' என்ற பெயரில் மருக்களுக்குக் கொடுக்கிறார்கள். அது அங்கே அங்கீகரிக்கப்பட்ட மருந்து, தோல் மருத்துவர்களும் எழுதித் தருகிறார்கள். முகத்துக்குப் பூசும் நீரிலும் இதைச் சேர்க்கிறார்கள், அது அங்கே பெரிய வியாபாரம். சீனாவில் இதன் எண்ணெயிலிருந்து ஊசிமருந்து தயாரித்துப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாகச் செலுத்துகிறார்கள்.

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு யாரும் நெற்பவளம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். மருத்துவமனையில் செலுத்தும் சுத்திகரித்த எண்ணெய் வேறு, வீட்டில் குடிக்கும் கஞ்சி வேறு. கொழுப்பைக் குறைக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்பதற்கெல்லாம் பெரும்பாலும் எலிகளிலும் சோதனைக் குழாயிலும் செய்த ஆய்வுகளே இருக்கின்றன, மனிதர்களிடம் செய்தவை சிறியவை. நல்ல தானியமாக நினைத்து உண்ணுங்கள். நோய்க்கு மருத்துவரிடம் போங்கள்.

கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. சீன மருத்துவம் பழங்காலத்திலிருந்தே அப்படித்தான் எச்சரிக்கிறது. எலிகளில் செய்த ஆய்விலும் கருப்பைச் சுருக்கம் கூடியது தெரிந்தது. சர்க்கரை நோய்க்கோ சிறுநீர் போவதற்கோ மாத்திரை எடுப்பவர்கள், தினசரி உணவாக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மணிமாலையைப் பல் முளைக்கும் குழந்தை கழுத்தில் போடும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. நூல் அறுந்தால் மணி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

வளர்த்துப் பார்க்க

மாலையில் இருக்கும் மணியே சில நேரம் முளைக்கும், ஆனால் மெருகுக்காக எதையாவது பூசியிருந்தாலோ பழையதாக இருந்தாலோ முளைக்காது. ஓடு நீக்கிய கடைப் பருப்பு முளைக்கவே முளைக்காது, குத்தும்போது முளைப்பகுதி போய்விடும். ஓட்டோடு கூடிய புது மணி கிடைத்தால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மழை தொடங்கும் நேரத்தில் இரண்டு விரல்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட எடுக்கலாம். ஒன்றும் வரவில்லையே என்று கிளறிவிடாதீர்கள். வெயிலும் ஈரமும் இரண்டும் வேண்டும். பெரிய தொட்டியிலும் வளரும், ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர்வரை போகும் என்பதால் காற்றில் சாயாத இடமாகப் பாருங்கள். வாய்க்காலோரத்தில் மட்டும் வேண்டாம். மணி மிதந்துபோய் ஊர் முழுக்கப் பரவிவிடும், சில நாடுகளில் இதைக் களையாகவே பார்க்கிறார்கள்.

ஐந்தாறு மாதத்தில் மணி வரும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் ஒன்று பச்சையாக இருக்கும், பக்கத்தில் ஒன்று கருப்பு கலந்த பழுப்பாக இருக்கும், இன்னொன்று சாம்பல் வெள்ளைக்கு வந்திருக்கும். வெள்ளைக்கு வந்ததைத் தொட்டால் கையோடு வந்துவிடும், ஒரு நாள் விட்டால் தரையில் கிடக்கும். பச்சையைப் பறித்தால் காய்ந்த பிறகு சுருங்கிச் சொத்தையாகிவிடும். அதனால் தினமும் காலையில் போய், நிறம் மாறியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த மணியைத் திருப்பி, அடிக்காம்பு ஒடிந்த இடத்தைப் பாருங்கள். துளை தெரியும்.